சுவரைக் கடந்த மின்கம்பி

ஊர் முழுவதற்கும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டுமானால் என்ன செய்வது? தடுப்பூசி முகாம் நடக்கும் நாள், வரி கட்டக் கடைசித் தேதி, ஆற்றில் வெள்ளம் வருகிறது என்ற எச்சரிக்கை ஆகியவற்றை வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நெடுங்காலமாக நம் ஊர்களில் இதற்குத் தண்டோரா போடுவதே வழக்கமாக இருந்தது. ஒருவர் தெருமுனையில் நின்று பறையை அடிப்பார். உரத்த குரலில் செய்தியைச் சொல்வார். பிறகு அடுத்த தெருவுக்குப் போவார். இந்த வேலை அவர் விரும்பி ஏற்றதன்று. பிறப்பின் பெயரால் ஒரு சாராரின் மேல் சுமத்தப்பட்ட வேலை அது.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அப்போது தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அறிவியல் வளர்ந்துவிட்ட காலத்தில் தண்டோரா தேவையில்லை. வாகனங்களில் ஒலிபெருக்கி பொருத்திச் செய்தியைச் சொல்லலாம் என்பது அதன் சாரம். மனிதனின் தோளில் கிடந்த சுமை வண்டியின் மேல் ஏறியது.

வேப்பந்தட்டை, குன்னம் பக்கம் போனாலும் சரி, செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் போனாலும் சரி, மேலே இரண்டு குழாய்களைக் கட்டிக்கொண்டு போகும் ஆட்டோவையும் ஜீப்பையும் காணலாம். கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகும்போது திருமானூர் போன்ற கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை சொல்லவும் இத்தகைய வண்டிகள் வேண்டும். குழாயை நாம் பார்க்கிறோம், குரலைக் கேட்கிறோம். பாட்டரியிலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டிக்கு மின்சாரத்தைக் கொண்டுவரும் ஒரு கம்பி மட்டும் நம் கண்ணில் படுவதில்லை. அது முழம் நீளங்கூட இல்லாத ஓரிடத்தில், ஒரு தகரச் சுவரின் துளைக்குள் புகுந்து வருகிறது. அந்தத் துளையில் தவறு நேர்ந்தால் எச்சரிக்கை சொல்லப்போன வண்டியே எரிந்து போகலாம். அந்தச் சுவரும் அந்தக் கம்பியும் எப்படிச் சந்தித்தன என்பது சுவையான வரலாறு.

சேற்றைத் தடுத்த பலகை

கார் தோன்றுவதற்கு முன் குதிரை வண்டிகள் ஓடின. குதிரையின் குளம்பிலிருந்து தெறிக்கும் சேறு வண்டியோட்டியின் மேல் படாமலிருக்க, அவருக்கு முன்னால் ஒரு பலகையைப் பொருத்தினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'டேஷ்போர்டு' என்று பெயர். தெறிப்பைத் தடுக்கும் பலகை என்று பொருள் கொள்ளலாம். குதிரை போய் அவ்விடத்தில் என்ஜின் வந்தபோதும் பலகை போகவில்லை. இப்போது அது சேற்றுக்குப் பதில் என்ஜினின் சூட்டையும் புகையையும் தடுத்தது. என்ஜினில் தீப்பிடித்தால் அது உள்ளே இருப்பவர்களை உடனே எட்டாமல் காக்கும் வேலையும் அதற்கு வந்து சேர்ந்தது. இதனால் அதை 'பயர்வால்', அதாவது தீச்சுவர் என்றார்கள். டேஷ்போர்டு என்ற பழைய பெயர், மீட்டர்கள் உள்ள முன்பலகைக்குப் போய்விட்டது.

1908இல் வெளிவந்த ஃபோர்டு 'மாடல் டி' காரைப் பாருங்கள். 1920களின் முற்பகுதி வரை அதன் தீச்சுவர் மரத்தால் ஆனது. தீப்பொறியை உண்டாக்கும் சுருள்கள் அடங்கிய பெட்டி இந்த மரச் சுவரின் உட்பக்கம் இருந்தது. அதன் இணைப்புகள் சுவரைத் துளைத்துக்கொண்டு என்ஜின் பக்கம் போயின. மரம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதனால் கம்பி மரத்தின் மேல் உரசினாலும் பெரிய ஆபத்தில்லை. இந்த நிலை மாறுவதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

மிச்சமான ஒரு கம்பி

முதற் காரணம் தந்தித் துறையிலிருந்து வந்தது. மின்னோட்டம் செல்ல ஒரு கம்பியும் திரும்பி வர ஒரு கம்பியும் வேண்டும் என்பது நாம் பள்ளியில் படித்த பாடம். 1838இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஸ்டைன்ஹைல் என்ற அறிஞர், திரும்பி வரும் கம்பியை விட்டுவிட்டு அதற்குப் பதிலாக நிலத்தையே பயன்படுத்தலாம் என்று கண்டார். தந்திக் கம்பியின் செலவு பாதியானது. கார் செய்தவர்களும் இதே தந்திரத்தைக் கையாண்டார்கள். பாட்டரியின் ஒரு முனையைக் காரின் உலோக உடம்போடு இணைத்துவிட்டால், விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி போதும். திரும்பும் வழியாக உடம்பே இருக்கும். தரையைத் தொடாமல் ரப்பர் சக்கரத்தின் மேல் ஓடும் வண்டியில் மெக்கானிக்குகள் இன்றும் 'எர்த்' என்று சொல்வது இந்தப் பழைய தந்தி உறவினால்தான்.

இரண்டாவது காரணம் எஃகு. 1914 முதல் அமெரிக்காவில் எட்வர்டு பட் என்பவரின் தொழிற்சாலை, டாட்ஜ் கார்களுக்கு முழுவதும் எஃகுத் தகட்டால் ஆன உடம்பைச் செய்து கொடுத்தது. பிறகு எல்லாக் கார்களும் அந்த வழிக்கு வந்தன. மரச்சுவர் போய்த் தகட்டுச் சுவர் வந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உடம்பு பாட்டரியின் ஒரு முனை. சுவர் உடம்பின் ஒரு பகுதி. ஆகவே சுவரும் பாட்டரியின் ஒரு முனைதான். மறுமுனையிலிருந்து வரும் கம்பி, இந்த முனையில் வெட்டிய துளைக்குள் நுழைந்து போகிறது. நடுவில் இருப்பது கம்பியின் மேலுறை ஒன்றே. துளையின் விளிம்போ கத்திபோல் கூரானது.

சுவர் எதிர்முனையா நேர்முனையா என்பது காரைப் பொறுத்தது. பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் 1960களின் நடுப்பகுதி வரை நேர்முனையே உடம்போடு இணைந்திருந்தது. இன்றைய வண்டிகளில் எதிர்முனை இணைந்திருக்கிறது. எப்படியிருந்தாலும் கம்பிக்குச் சுவர் மறுமுனைதான்.

என்ஜினைச் சுழற்றப் பிறந்த பாட்டரி

தொடக்க காலக் கார்களைக் கைப்பிடியால் சுற்றிக் கிளப்ப வேண்டும். சில சமயம் கைப்பிடி திருப்பி அடித்துக் கையை முறித்துவிடும். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் மின்மோட்டாரால் என்ஜினைக் கிளப்பும் முறையை உருவாக்கினார். 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. அன்றிலிருந்து வலிமையான பாட்டரி காரின் இன்றியமையாத உறுப்பாயிற்று.

என்ஜினைச் சுழற்ற, சில நொடிகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் மின்னோட்டம் தேவை. அதைத் தருவதற்காகவே கார்ப் பாட்டரியின் உட்தடை மிகக் குறைவாக, ஓம் அளவில் நூற்றில் ஒரு பங்கு போல, அமைக்கப்படுகிறது. 12 வோல்ட்தானே என்று சிலர் அலட்சியமாக நினைப்பதுண்டு. தொட்டால் அதிர்ச்சி இல்லை என்பது உண்மையே. ஆனால் டார்ச் விளக்கின் பாட்டரியால் தர முடியாத பெரும் மின்னோட்டத்தைக் கார்ப் பாட்டரி ஒரு கணத்தில் தந்துவிடும்.

குரல் வண்டி ஏறியது

கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இருவர், காந்தப் புலத்தில் அசையும் கம்பிச்சுருளைக் குழாயோடு சேர்த்து ஒலிபெருக்கி செய்தார்கள். 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் சான்பிரான்சிஸ்கோ நகரில் பெருங்கூட்டம் அதன் ஒலியைக் கேட்டது. 1919இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அதன் வழியாகச் சான்டியேகோவில் பேசினார்.

நம் நாட்டிலும் விடுதலைப் போராட்டக் காலத்திலேயே ஒலிபெருக்கிகள் வந்துவிட்டன. மோட்வானே குடும்பத்தாரின் 'சிகாகோ ரேடியோ' நிறுவனம் காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தது. 'அகுஜா' நிறுவனம் 1940இல் டெல்லியில் தொடங்கியது. நம்மூர் மைக் செட்டுக்காரர்களுக்கு இது பழக்கமான பெயர்.

காருக்குள் ஒலிக்கருவியைப் புகுத்தும் முயற்சியில் பெயர் பெற்றவர் பால் கால்வின். 1930இல் அட்லாண்டிக் சிட்டி நகரில் வானொலி உற்பத்தியாளர்கள் கூடிய மாநாட்டின்போது, வானொலி பொருத்திய தம் காரை வெளியே நிறுத்தி அவர் விளம்பரம் செய்தார். அதற்கு வைத்த 'மோட்டரோலா' என்ற பெயர் பின்னர் உலகப் புகழ் பெற்றது. அதற்குச் சற்று முன் அவர் கடன் கேட்கப் போன வங்கியாளரின் காரில் வானொலியைப் பொருத்திக் கொடுத்தாராம். சிறிது நேரத்தில் அந்தக் கார் தீப்பற்றிக்கொண்டதாம். அந்நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொல்லப்படும் கதை இது. கதையின் விவரம் எப்படியிருந்தாலும், காரில் ஒலிக்கருவியும் தீயும் அடுத்தடுத்து நினைக்கப்பட்டன என்பதற்கு அது சான்று.

அன்றைய கருவிகள் வால்வுகளால் ஆனவை. வால்வுக்கு நூறு, இருநூறு வோல்ட் வேண்டும். காரில் இருந்ததோ 6 வோல்ட். எனவே 'வைபிரேட்டர்' என்ற உறுப்பைச் சேர்த்தார்கள். அதிலுள்ள அதிரும் தகடு, மின்னோட்டத்தை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் வெட்டி வெட்டி விடும். மின்மாற்றி அதை உயர் மின்னழுத்தமாக்கும். பிறகு அது மீண்டும் நேர்மின்னோட்டமாக்கப்படும். 1947இல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1955இல் கிரைஸ்லர் நிறுவனம், ஃபில்கோ செய்த முழு டிரான்சிஸ்டர் கார் வானொலியை அறிவித்தது. அதிர்தகடும் வால்வும் மறையத் தொடங்கின. ஒன்று மட்டும் மறையவில்லை: பாட்டரியிலிருந்து சுவரைக் கடந்து வரும் தடித்த கம்பி.

ஏன் தடித்த கம்பி?

ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று 100 வாட் ஒலித்திறன் தருவதாகக் கொள்வோம். இழப்புகளையும் சேர்த்து அது 180 வாட் எடுத்துக்கொள்ளும் எனலாம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அங்கே இதற்கு ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். 12 வோல்ட் பாட்டரியில் 15 ஆம்பியர் வேண்டும். பழைய 6 வோல்ட் பாட்டரியானால் 30 ஆம்பியர் வேண்டும். மின்னழுத்தம் குறையக் குறைய மின்னோட்டம் கூடுகிறது.

கம்பியில் வீணாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறினால், அதே கம்பியில் அதே திறனை அனுப்பும்போது இழப்பு நான்கில் ஒரு பங்காகிறது. அமெரிக்கக் கார்கள் 1950களில் 12 வோல்ட்டுக்கு மாறியதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல்லும் சிமென்டும் ஏற்றிச் செல்லும் இன்றைய கனரக லாரிகளில் பெரும்பாலானவை 24 வோல்ட்டில் இயங்குவதும் இதே காரணத்தால்தான். ஆகவே லாரியிலிருந்து 12 வோல்ட் பெட்டிக்கு நேராக இணைப்பு எடுக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது கம்பியைப் பார்ப்போம். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். போக 4 மீட்டர், வர 4 மீட்டர், ஆக 8 மீட்டர். இதன் தடை ஏறக்குறைய 0.09 ஓம். 15 ஆம்பியர் சென்றால் 1.4 வோல்ட் கம்பியிலேயே வீழ்ந்துவிடும். பெட்டிக்குக் கிடைப்பது 10.6 வோல்ட், குரல் கரகரக்கும், கம்பி சூடாகும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் வீழ்ச்சி 0.35 வோல்ட் மட்டுமே. அறிவிப்பு வண்டிகளில் குரல் உடைந்து கேட்பதற்குப் பல வேளைகளில் காரணம் மைக் அன்று, மெல்லிய கம்பிதான்.

துளையில் நடப்பது

வண்டி ஓடும்போது சுவர் அதிர்கிறது. என்ஜின் பக்கத்து வெப்பம் கம்பியின் உறையை இளக்குகிறது. கூரான விளிம்பு ஒரு நாளில் வெட்டுவதில்லை. பல மாதங்கள் உரசி உரசி உறையைத் தேய்க்கிறது. கடைசியில் செம்பு தகட்டைத் தொடுகிறது. பாட்டரியின் இரு முனைகளும் நேராகச் சந்திக்கின்றன.

பாட்டரியிலிருந்து துளை வரை கம்பியின் நீளம் ஒரு மீட்டர் என்று கொள்வோம். அதன் தடை 0.0115 ஓம். ஓம் விதிப்படி ஐந்நூறு ஆம்பியருக்கும் மேல் பாயலாம். தொடும் இடத்துத் தடைக்காகக் குறைத்து, 200 ஆம்பியர் என்றே கணக்கிடுவோம். கம்பியில் தோன்றும் வெப்பம் நொடிக்கு 200 × 200 × 0.0115 = 460 ஜூல். ஒரு மீட்டர் கம்பியில் உள்ள செம்பின் நிறை ஏறக்குறைய 13 கிராம். ஒரு கிராம் செம்பை ஒரு பாகை சூடாக்க 0.385 ஜூல் போதும்; ஆக 13 கிராமுக்கு 5 ஜூல். வகுத்துப் பாருங்கள்: வெப்பநிலை நொடிக்கு 90 பாகைக்கு மேல் உயர்கிறது! சாதாரண பி.வி.சி. உறை 70 பாகை வரை தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. ஓட்டுநர் என்ன நாற்றம் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் உறை உருகிவிடும். அருகில் பெட்ரோல் குழாயோ எண்ணெய் படிந்த அழுக்கோ இருந்தால் தீக்கு வேறு என்ன வேண்டும்?

தீயைத் தடுக்க எழுப்பிய சுவரே தீக்குக் காரணமாகும் விந்தை இது.

இரண்டு சிறிய காவலர்கள்

இந்த ஆபத்துக்கு மாற்று பழமையானது, விலையும் குறைவு. முதலாவது, துளையில் பொருத்தும் ரப்பர் வளையம். 1839இல் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி, வெயிலில் இளகாத, குளிரில் உடையாத ரப்பரைப் பெற்றார். அந்த ரப்பர் இல்லையேல் இந்த வளையம் இல்லை. கம்பியின் உறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1926இல் வால்டோ சீமன் என்ற வேதியியலர் விறைப்பான பி.வி.சி.யை வளையும் பொருளாக்கினார். ரப்பரும் பருத்தி நூலும் சுற்றிய பழைய கம்பிகளின் இடத்தை அது பிடித்துக்கொண்டது.

இரண்டாவது காவலர் பியூஸ். 1847இல் பிரான்சில் பிரெகே என்ற கருவியியலர், இடி மின்னலிலிருந்து தந்தி நிலையங்களைக் காக்க, நடுவில் மெல்லிய கம்பி ஒன்றை வைக்கச் சொன்னார். மெலிந்தது முதலில் எரியும், மற்றது பிழைக்கும். 1880இல் எடிசன் இதே கருத்தை மின்விளக்குச் சுற்றுகளுக்குப் பயன்படுத்திக் காப்புரிமை பெற்றார். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இரண்டே கண்ணாடிக் குழாய்ப் பியூஸ்கள் இருந்தன. இன்று நாம் காணும் வண்ண வண்ணத் தகட்டுப் பியூஸ் 1976இல் லிட்டில்பியூஸ் நிறுவனம் உருவாக்கியது.

பியூஸை எங்கே வைப்பது? பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பெட்டியின் பின்புறத்தில் ஒரு பியூஸ் இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். போதாது. கம்பி துளையில் தகட்டைத் தொட்டால், மின்னோட்டம் பாட்டரியிலிருந்து துளைக்குப் போய் அங்கிருந்தே திரும்பிவிடும், பெட்டிவரை போகாது. பெட்டியின் பியூஸ் நலமாக இருக்கும், வண்டி எரியும். அந்தப் பியூஸ் பெட்டியைக் காப்பது. கம்பியைக் காக்க வேண்டிய பியூஸ், சுவருக்கு முன்னால், பாட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும். உலகெங்கும் கார் ஒலிக்கருவி பொருத்துவோர் 18 அங்குலத்துக்குள் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். நம் கணக்கில் ஒரு முழம். பாட்டரிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள அந்த ஒரு முழக் கம்பிக்குக் காவல் இல்லையாதலால், அது குறைவாக இருப்பதே நல்லது. நாம் எடுத்துக்கொண்ட 15 ஆம்பியர் பெட்டிக்கு 6 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 20 ஆம்பியர் பியூஸும் பொருந்தும். பியூஸ் போனால் அதற்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றி வைப்பது காவலரை வெளியேற்றிவிட்டுத் திருடனைக் காவலுக்கு வைப்பது போலாகும்.

பியூஸின் தத்துவத்தை மாணவர்கள் ஆசிரியர் முன்னிலையில் செய்து பார்க்கலாம். மெல்லிய அலுமினியத் தாளை நீளமாக வெட்டி, நடுவில் மட்டும் நூலிழை போல ஒடுக்குங்கள். அதை ஒரு பீங்கான் தட்டின் மேல் வைத்து, இரண்டு டார்ச் பாட்டரிகளைத் தொடராக இணைத்துக் கணநேரம் மின்சாரம் செலுத்துங்கள். ஒடுங்கிய இடம் முதலில் சூடாகி அறுவதைக் காணலாம். கார்ப் பாட்டரியில் ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள்.

நம் சாலைகளில்

நம்மூர் அறிவிப்புகளுக்கு ஒரு காலத்தில் பெரிதும் பயன்பட்ட அம்பாசடர் காரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுவிட்டது. இப்போது ஆட்டோக்களும், 2005இல் வந்த 'குட்டி யானை' எனப்படும் சிறு சரக்கு வண்டிகளும் அந்த வேலையைச் செய்கின்றன. இவற்றில் என்ஜின் முன்னால் இருப்பதில்லை. எனவே கம்பி முன்சுவருக்குப் பதில் அடித்தகட்டையோ பக்கத் தகட்டையோ துளைத்துக்கொண்டு போகும். சுவரின் இடம் மாறியதே தவிர விதி மாறவில்லை. கம்பி தகட்டைக் கடக்கும் இடமெல்லாம் மறுமுனையைக் கடக்கும் இடம்.

பொருத்துகிறவர் பாட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். துளையின் விளிம்பை அரத்தால் தேய்த்து வளையத்தைப் பொருத்த வேண்டும். கம்பியைச் சூடான குழாய்களுக்கும் அசையும் உறுப்புகளுக்கும் விலக்கிக் கட்ட வேண்டும். பியூஸை ஒரு முழத்துக்குள் வைத்து, கடைசியாக எர்த்தை இணைக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, தேர்தலுக்கும் மழைக்காலத்துக்கும் முன்னால், வளையம் இறுகி வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தெருத்தெருவாகப் பறையடித்து நடந்த மனிதரை அந்தச் சுமையிலிருந்து விடுவிக்க ஒலிபெருக்கி வண்டி உதவியிருக்கிறது. அந்த வண்டிக்குள் இன்று ஓர் ஓட்டுநரும் ஓர் அறிவிப்பாளரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பாதுகாப்பாக வீடு திரும்புவது சில ரூபாய் விலையுள்ள ஒரு ரப்பர் வளையத்தையும், சரியான இடத்தில் வைத்த ஒரு பியூஸையும் பொறுத்திருக்கிறது. அடுத்த முறை உங்கள் தெருவில் அறிவிப்பு வண்டி வந்து நின்றால், பியூஸ் சுவருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.